என் கையால் வந்த பச்சை

பதினாறு வருடமாக எனக்குச் சம்பளம் கிடைப்பது சாயம் கரைத்து ஊற்றுவதற்குத்தான். ஓரிடத்தில் ஒளிரும் பச்சைச் சாயத்தை மண்ணுக்குள் விட்டு, அது எந்தக் கிணற்றில் தலைகாட்டுகிறது என்று பார்த்தால் நிலத்தடி நீர் போகும் வழி தெரியும். கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்திருந்தாலும் ஆய்வகக் கருவி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் எங்களுக்கு ஒரே சட்டம்: ஊற்றியவன் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. என் சட்டைக் காலர், செருப்பு, பைக் சாவி எல்லாமே பச்சை. வீட்டில் என் துண்டை யாரும் தொடுவதில்லை.

கடைசியாக ஊற்றியது ஒரு தொழிற்சாலையின் கழிவுக் குழியில். அந்தக் கழிவு பக்கத்துக் குடியிருப்பின் கிணறுகளுக்குப் போகிறதா என்பது கேள்வி. என் அக்கா இரண்டு பிள்ளைகளோடு அங்கேதான் இருக்கிறாள். ஊற்றி முடித்ததும் நல்ல பசி. எனக்கு மூளை இருப்பது வயிற்றில். நேராக அக்கா வீட்டுக்குப் போய், கிணற்று வாளியைப் பிடித்துக் கைகால் கழுவிவிட்டு, மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டேன்.

எட்டாம் நாள் அக்காவின் கிணறு மட்டும் பச்சை காட்டியது. குடிக்கக் கூடாது என்று காகிதம் ஒட்டிவிட்டுப் போனார்கள். அக்கா குடத்தோடு தெருக்குழாய் வரிசையில் நின்றாள். நான் ஆய்வகத்து மேடத்திடம் போய்த் தலையைச் சொறிந்தேன்.

"நான்தான் மேடம். அன்னிக்கு அந்தக் கிணத்துல கை கழுவிட்டேன்."

"உங்கள வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? சிவப்புச் சாயத்துல திரும்பப் பண்ணுவோம். நீங்க ஆபீஸ விட்டு நகரக் கூடாது."

வேறொருவர் குழியில் சிவப்பை ஊற்றினார். நான் ஃபைல்களைத் தூசி தட்டினேன். அன்றே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அந்தக் காகிதத்தக் கிழிச்சுப் போடுக்கா. தண்ணில ஒண்ணுமில்ல. எல்லாம் என் கைவண்ணம்."

"அதானே பாத்தேன். நீ கைவச்சது எதுடா உருப்பட்டிருக்கு?"

இருவரும் சிரித்தோம். முடிவு வரும்வரை பொறு என்று சொல்லத் தோன்றவில்லை. என் முட்டாள்தனத்தின்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பத்தொன்பதாம் நாள் காலை மேடம் கூப்பிட்டு முடிவைக் காட்டினார். அக்கா கிணற்றில் சிவப்பு.

"குழித் தண்ணி அங்கதான் போகுது. முதல்ல வந்த பச்சையும் அப்படி வந்ததாத்தான் இருக்கும். உங்க மேல தப்பில்ல."

என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. உடனே அக்காவுக்கு போன் போட்டேன்.

"அந்தத் தண்ணியக் குடிக்காதக்கா."

"ஏன்டா, இப்பதானே பாட்டில்ல ரொப்பிக் குடுத்து ரெண்டு பேரையும் ஸ்கூலுக்கு அனுப்பினேன்" என்றாள்.