யாரென்று கேட்காத கெர்னல்

ராஜபாளையத்து நூற்பு மில் ஒன்றில் கம்ப்யூட்டர் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் எதையும் மாற்றவோ அழிக்கவோ வகைசெய்யும் ரூட் அதிகாரம் மில்லிலேயே எனக்கு மட்டும்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு வந்தாலும், மில் வாசலில் இறங்கியதும் என் நடையே மாறிவிடும்.

போன வருடம் கெர்னலில் ஓட்டை என்று செய்தி வந்தது. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடியில் உட்கார்ந்துகொண்டு, யார் எதைக் கேட்டாலும் ‘உனக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா’ என்று சரிபார்க்கும் மென்பொருள். ஓர் இடத்தில் மட்டும் அது கேட்காமல் விட்டுவிடுகிறதாம். அந்த வழியாகப் போனால் சாதாரணக் கணக்கு வைத்திருப்பவர்கூட ரூட் ஆகிவிடலாம். அப்டேட் போட்டால் ஓட்டை அடைபடும். ஆனால் அதற்குச் சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறு மாதம் ஓட்டிவிட்டேன்.

ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள், சர்வரின் பாதுகாப்பு பற்றிச் சாயங்காலத்துக்குள் அறிக்கை வேண்டும் என்று மேனேஜர் சொன்னதும்தான் ஓட்டை ஞாபகம் வந்தது. யார் என்ன கட்டளை அடித்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும் பதிவுகளை அவசரமாகத் திறந்தேன். ரூட் பெயரில் நான் அடிக்காத கட்டளைகள் வரிசையாக இருந்தன. எல்லாம் டிஸ்பேட்ச் பிரிவுப் பெண்ணின் கணக்கிலிருந்து வந்தவை. என் நாற்காலியில் அவள் ஏறி உட்கார்ந்த மாதிரி உடம்பெல்லாம் எரிந்தது.

“ஏம்மா, சர்வருக்குள்ள போயி என்ன செஞ்ச?” என்று அவள் முன்னால் போய் நின்றேன்.

லாரிக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. “நீங்க தேருக்கு லீவு போட்டீகள்ல அண்ணே, அன்னைக்கு பேக்கப் நின்னுபோச்சு. போன் அடிச்சா நீங்க எடுக்கல. நெட்டுல தேடி, அந்த ஓட்டை வழியா உள்ள போயி ஓடவிட்டேன். பொறவும் அடிக்கடி நிக்கிது. நானே பாத்துக்கிடுதேன்.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஓட்டைய அடைச்சிருவீக. பொறவு பேக்கப்ப யாரு பாப்பா?”

மில் கணக்குகளைத் தினமும் நகலெடுத்து வைக்கும் பேக்கப் நின்றதே எனக்குத் தெரியாது. அவளைக் குற்றவாளி என்று எழுதினால் அவள் வேலை போகும், உள்ளதை எழுதினால் என் வேலை. முதலில் அவள் மேல்தான் எழுதினேன். அறிக்கை மிக நன்றாக வந்திருந்தது. ஆதாரம் சேர்க்கலாமென்று பேக்கப்பைத் திறந்தால், ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. அழித்துவிட்டு உள்ளதை எழுதினேன், ஓட்டையையும் அடைத்தேன்.

மேனேஜர் கோபம் வந்தால் தெலுங்குக்கு மாறிவிடுவார். அன்று அறிக்கையைப் படித்துவிட்டுத் தமிழிலேயே பேசினார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“ஓட்டைய அடைச்சாச்சா?”

“அடைச்சாச்சு சார்.”

“அப்ப அந்தப் புள்ளைக்கு முறையா ரூட் அதிகாரத்தக் குடுத்துருங்க. நீங்க இனி லீவு எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கிடுங்க.”

பதினோரு வருடமாக, லீவு எடுத்துக்கொள் என்று அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியவன் நான். அன்று அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.