செம்புத் தோடும் முட்டி நோவும்

எங்க தெருவுல செம்புன்னா மருந்து. ராத்திரி செம்புப் பானையில தண்ணி ஊத்தி வச்சுக் காலையில குடிச்சா வயிறு சுத்தமாவும். செம்புக் காப்பு போட்டா சூடு தணியும். மோதிரம் போட்டா ரத்தக் கொதிப்பு எறங்கும். இப்பேர்ப்பட்ட தெருவுல உக்காந்துகினு நான் அழகுக்குன்னு செம்புல தோடு செஞ்சேன். என் புத்தியை எதால அடிக்கிறது?

கல்யாணத்துக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டியில சர்க்யூட் போர்டு பண்ற கம்பெனியில வேலை பாத்தேன். செம்புத் தகட்டுல மை பட்ட இடம் நிக்கும், மத்த இடத்தைக் கெமிக்கல் தின்னுடும். அதே வேலையை ஊட்ல செஞ்சா கொடி போடலாமே, மீன் போடலாமேன்னு தோணுச்சு. காயலான் கடையில தகடு வாங்கி, நெயில் பாலிஷால படம் வரைஞ்சு, பிளாஸ்டிக் டப்பாவுல கெமிக்கலை ஊத்தி முக்குவேன். எடுத்து ஆப்ப சோடாவுல அலசி, புளி போட்டுத் தேச்சா வரைஞ்ச கொடி மட்டும் மேடா நிக்கும். பள்ளத்துல கறுப்பு ஏறணும்னா வேகவச்ச முட்டையை நசுக்கி, அதோட தகட்டையும் சேத்து மூடி வைக்கணும். நாஷ்டாவுக்கு வச்சிருந்த முட்டை தோட்டுக்குப் போச்சுன்னு தெரிஞ்சதும் எங்க ஊட்டுக்காரர் அன்னிக்கி முழுக்க என்கூட பேசல. நிம்மதியா இருந்துச்சு.

கீழ பாசிமணி கோத்துத் தொங்கவிட்டு மொத ஜோடியை முடிச்சப்போ எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஒரே ஆசைதான். ஒருத்தி, ஒரே ஒருத்தியாவது, அழகா இருக்குன்னு கேட்டு வாங்கிப் போட்டுக்கணும்.

கொழாயடியில கொண்டுபோய்க் காட்டினேன். எதிர் ஊட்டம்மா திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இது இன்னா நோவுக்கும்மா?"ன்னாங்க.

"நோவுக்கு இல்லம்மா, அழகுக்கு."

"அழகுக்கு யாராச்சும் செம்பு போடுவாங்களா? இத்துனூண்டா இருந்தாலும் தங்கத்துல போட்டாதான் மரியாதை."

அவங்க கழுத்துல கெடந்ததே கவரிங். பூச்சு போனா உள்ள இருக்கறதும் செம்புதான். சொல்லியிருக்கலாம். சொன்னா அப்புறம் கொழாயடியில எனக்குத் தண்ணி கெடைக்காது.

அப்புறம் வர ஆரம்பிச்சாங்க பாருங்க! ஒத்தைத் தலைவலிக்கு ஒருத்தங்க, தூக்கம் வராததுக்கு ஒருத்தங்க. காதுல மாட்டினா முட்டி நோவு போவுமான்னு எதிர் ஊட்டம்மாவே வந்தாங்க. போவும்னு நான் சொல்லவே இல்ல, அவங்களே சொல்லிக்கினாங்க. கொஞ்ச நாள்ல அவங்க காது பச்சையா பூத்துடுச்சு. சண்டைக்கு வரப் போறாங்கன்னு பயந்துகினு இருந்தேன். சிரிச்சுக்கினே வந்தாங்க. "பாரு, கெட்ட நீரெல்லாம் வெளிய வருது!" அடக்கடவுளே! அடுத்த ஜோடியில உள்பக்கம் கலர் இல்லாத நெயில் பாலிஷ் பூசிக் குடுத்தேன், பச்சையே வரல. மருந்து வேலை செய்யலன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. பெரிய பேஜாராப் போச்சு எனக்கு.

பக்கத்து ஊட்டு அக்காவோட புருசன் எளாவூராண்ட லாரி மோதிச் செத்துட்டாரு. அதுலேருந்து அவ காதுல ஒண்ணும் கெடையாது, ஓட்டை தூந்துடாம இருக்க வேப்பங்குச்சி மட்டும். தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குப் போய் மாமியாருக்கும் சேத்து சோறு போடறவ அவதான். ஆனா அவ பூப்போட்ட பொடவை கட்டினாக்கூட அந்தக் கெழவி வாசல்ல நாற்காலியைப் போட்டுக்கினு, "யாருக்குக் காட்டப் போற?"ன்னு தெருவுக்கே கேக்கற மாதிரி கத்தும்.

ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வந்தா. "எனக்கும் முட்டி நோவுது"ன்னா.

எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. "போக்கா, நீயுமா? ஆஸ்பத்திரிக்குப் போ."

தட்டுல இருந்த தோட்டை ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா. மத்த நோவுக்காரங்க கைக்கு வந்ததை எடுத்துக்கினு போய்டுவாங்க. இவ கொடியை வச்சுட்டு மீனை எடுத்தா, மீனை வச்சுட்டு மறுபடி கொடியை எடுத்தா. "இதுலயே நீல மணி வச்சது இருக்கா?"ன்னு கேட்டா. எந்த முட்டிக்கு நீல மணி வேணும்? அப்பதான் எனக்கு ஒறைச்சுது.

நீல மணியை மாத்திக் குடுத்தேன். குச்சியைப் பிடுங்கிப் போட்டுட்டு, தோட்டை மாட்டிக்கினு, கண்ணாடி முன்னாடி நின்னு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பாத்தா. "நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா"ன்னேன்.

"அத்தை கேட்டா முட்டி நோவுக்குன்னு சொல்லிடு"ன்னா, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காம.

சாயங்காலமே கெழவி வந்து நின்னுச்சு. "இன்னாடி மாட்டி வுட்டிருக்க அவளுக்கு?"

"மருந்து ஆயா. முட்டி நோவுக்கு."

என்னை ஏற எறங்கப் பாத்துச்சு. "எத்தினி நாளைக்குப் போடணும்? எப்பதான் போவும் இந்த நோவு?"

"நீ இருக்கற வரைக்கும் போவாது ஆயா. அதுவரைக்கும் அவ கழட்டவே கூடாது"ன்னேன்.