கிழக்கு கேலரியின் மூன்றாவது தூண்

வெல்டருக்குக் கோபம் வரக் காரணம் வேண்டியதில்லை. அடங்கத்தான் காரணம் வேண்டும். பேருந்துப் பணிமனையில் இருபத்தெட்டு வருடமாக உடைந்த சட்டங்களை ஒட்டவைக்கிறவர். கழன்று வரும் நட்டைத் திட்டுவார், கழலாத நட்டையும் திட்டுவார். அவருக்குக் கல்யாணம் ஆனதே ஒரு சண்டையால்தான். கால்பந்து மைதானத்தின் கிழக்கு கேலரியில், பக்கத்தில் நின்ற ஒருவரின் சட்டையை, நடுவர் கொடுத்த ஓர் ஆஃப்சைடுக்காகப் பிடித்தார். அடுத்த சனிக்கிழமையும் அதே இடம், அதே சண்டை. ஒரு வருடம் இப்படிப் போனபின் அந்த மனிதர் அலுத்துப்போய், "வீட்டுக்கு வாங்க, உக்காந்து சண்டை போடலாம். கால் வலிக்குது" என்றார். கதவைத் திறந்தவள் அவருடைய தங்கை.

அந்த மச்சானோடு மூன்று மாதமாகப் பேச்சில்லை. கிளப் தன் பழைய மைதானத்தை விட்டு, ஊருக்கு வெளியே கட்டியிருக்கும் புதியதற்குப் போகலாமா என்று ரசிகர்களின் ஓட்டைக் கேட்டிருந்தது. மச்சான் போகலாம் என்ற பக்கம் நின்றார், வெல்டர் கூடாது என்ற பக்கம். "மருந்துக்கடைக்காரன் இல்லையா, எல்லாத்தையும் தேதி பாத்துத் தூக்கிப் போடற புத்தி" என்றார் வெல்டர் மனைவியிடம். "உங்கண்ணன்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

"நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் என்ன தபால்காரியா?"

சீசன் தொடங்குமுன் ஒரு ஞாயிறு, கிழக்கு கேலரி ரசிகர்கள் ஆளுக்கொரு பிரஷ்ஷோடு வந்து கேலரியின் இரும்பு முழுவதற்கும் பச்சை பெயிண்ட் அடிப்பது வழக்கம். கிளப் தருவது பெயிண்ட் டின் மட்டும். பழைய பெயிண்டைச் சுரண்டக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சுரண்டினால் ஒரு நாளில் முடியாது, அவ்வளவுதான். அதனால் வருடா வருடம் பச்சைக்கு மேல் பச்சை. இந்த வருடம் மூன்றாவது தூணின் அடியில் குந்தி அடித்துக்கொண்டிருந்தபோது, வெல்டரின் பிரஷ் கட்டை தூணுக்குள் போனது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அதுவும் போனது. வெளியே நின்றுகொண்டிருந்தது வெறும் பெயிண்ட். உள்ளே இரும்பு நனைந்த பிஸ்கட்டாக உதிர்ந்தது.

அந்தத் தூண் தாங்கும் படிகளில் எழுநூறு பேர் நிற்பார்கள். அது அவருக்குத் தெரியும். ஆனால் முதலில் கண்முன் வந்தது மச்சானின் முகம், அதில் வரப்போகும் சிரிப்பு. இடம் மாறுவது பற்றிய விவாதக் கூட்டத்துக்கு மூன்று வாரம் இருந்தது. வெல்டர் அக்கம்பக்கம் பார்த்தார். ஓட்டையில் பட்டி வைத்து அடைத்து, மேலே இரண்டு கோட் அடித்தார். வாழ்நாளில் அவர் செய்த மோசமான வேலை அதுதான். அந்தக் கோபத்தையும் மச்சான் மேலேயே போட்டார்.

முதல் ஆட்டம் சனிக்கிழமை. வியாழன் மாலை கிளப் கூடத்தில் கூட்டம்.

"புதுசுல கூரை இருக்கு, கக்கூஸ் இருக்கு" என்றார் மச்சான்.

"ரெண்டும் உங்க வீட்டுலயும்தான் இருக்கு. அங்கேயே இருந்துக்கோங்க" என்றார் ரசிகர் சங்கச் செயலாளரான தையற்காரர். கூடம் சிரித்தது.

"சிரிங்க. கேலரி உக்காந்துடுச்சுன்னா அப்ப தெரியும்."

"அது ஏன் உக்காரும்? நம்ம வெல்டர் இருக்காரு, இரும்போடவே குடும்பம் நடத்தறவரு. அண்ணே, எழுந்து ஒரு வார்த்த சொல்லுங்க."

வெல்டர் எழுந்தார். வார்த்தை தயாராக இருந்தது: இன்னும் ஐம்பது வருஷம் நிற்கும். அப்போது மச்சான் மூன்று மாதத்தில் முதல்முறையாக அவரிடம் நேராகப் பேசினார்.

"சொல்லுங்க மச்சான். நீங்க நல்லாருக்குன்னு சொன்னா அத்தோட நான் வாய மூடிக்கறேன். இரும்பு விஷயத்துல நீங்க பொய் சொல்லி நான் பாத்ததில்ல. சனிக்கிழமை என் பொண்ணும் அங்கதான் நிக்கப்போறா."

வெல்டருக்குக் கோபம் மண்டைக்கு ஏறியது. திட்டியிருந்தால் பொய் சுலபமாக வந்திருக்கும். இந்த ஆள் நம்பித் தொலைத்துவிட்டார்.

"மூணாவது தூண் போயிடுச்சு" என்றார். "உள்ள ஒண்ணுமில்ல. நான்தான் பட்டி வச்சு மூடினேன்."

"அண்ணே, நீங்க யார் பக்கம்?" என்றார் தையற்காரர்.

"அதத் தூணுகிட்ட போய்க் கேளு."

மூலையில் உட்கார்ந்திருந்த கிளப் மேலாளர் நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "நாம இங்கேருந்து போறதுக்கு இதைவிட என்ன காரணம் வேணும்?"

"எழுதறது இருக்கட்டும். சனிக்கிழமை கேலரிய மூடுங்க" என்றார் வெல்டர்.

மேலாளரின் பேனா நின்றது. "டிக்கெட்லாம் கொடுத்தாச்சே. மூடணும்னா கமிட்டி கூடணும். அடுத்த வாரம் பாக்கலாம்."

"ஊரைவிட்டுப் போறதுக்குன்னா ஆபத்து, சனிக்கிழமைக்குன்னா ஆபத்து இல்லையா?" வெல்டர் நாற்காலியைத் தள்ளினார், அது மல்லாந்து விழுந்தது. "வருஷா வருஷம் டின்னை இறக்கிட்டுப் போனீங்களே, ஒருத்தராவது குனிஞ்சு பாத்தீங்களா? நான் பாத்துட்டு மூடினேன், நான் கேவலமானவன், சரி. நீங்க குனியவே இல்லையேய்யா."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெல்டிங் மெஷினைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தார். கிழக்கு கேலரிக்கு இரண்டே இரும்புக் கதவு. காவலாளி தன் அறையின் பிளக்கைக் காட்டிவிட்டு, "நான் டீ குடிக்கப் போறேன். நான் எதையும் பாக்கல" என்று போய்விட்டார்.

முதல் கதவை நிலையோடு சேர்த்துப் பற்றவைத்து முடிக்கையில் தையற்காரர் வந்து நின்றார். "துரோகம் பண்றீங்கண்ணே. இதக் காட்டியே நம்மள வெளிய தள்ளுவாங்க."

"தள்ளுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? தூண மாத்தட்டும், நானே வந்து அறுத்துத் திறக்கறேன்."

"மாத்த மாட்டாங்க."

"அப்ப அவங்ககிட்ட போய்க் கத்து. என்கிட்ட ஏன்யா கத்தற?"

இரண்டாவது கதவு தொங்கிப்போயிருந்தது. ஒற்றை ஆளால் நிலையோடு பொருத்த முடியவில்லை. வெல்டர் அதை உதைத்தார், திட்டினார், மறுபடி உதைத்தார். பின்னாலிருந்து இரண்டு கைகள் வந்து கதவைத் தூக்கின. மச்சான்.

"கடைசியில நம்ம பக்கம் வந்துட்டீங்க" என்றார் மச்சான், மூச்சு வாங்கியபடி.

"உன் பக்கம் எவன் வந்தான்? ஓட்டு வரட்டும், இங்கதான் இருக்கணும்னு ரெண்டு கையையும் தூக்குவேன். கதவ நேரா புடி. கண்ண மூடிக்கோ."

முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் கம்பியை இரும்பில் உரசினார்.