பதினோராவது சரத்து

1. மைதானத்து மேசை

ஒப்பந்தத்தின் பதினோராவது சரத்துக்கு நான் வந்தபோது, கொழும்புக் கொம்பனியின் படப்பிடிப்பாளர் எங்கள் பிள்ளைகள் ஐந்து பேரையும் ஹொக்கி மட்டைகளோடு வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தார். மேசையில் ஐந்து பேனைகள் தயாராக இருந்தன. நான் கையைத் தூக்கி, “கொஞ்சம் பொறுங்கோ” என்றேன்.

நான் பயிற்சியாளர் இல்லை. மட்டையைச் சரியாகப் பிடிக்கவும் தெரியாது. சுன்னாகத்தில் பத்திரம் எழுதி உறுதிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். காணி உறுதி, குத்தகை, நன்கொடை என்று என் கையால் போன பத்திரங்களுக்குக் கணக்கில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பண்டத்தரிப்புப் பக்கத்துப் பெண்கள் ஹொக்கிக் கழகம் ஒன்று, கடிதம் எழுத ஆள் இல்லையென்று என்னைச் செயலாளராக்கியது.

அந்த வருடம் எங்கள் அணி மாகாணப் போட்டியில் வென்றது. அதைப் பார்த்த கொழும்புக் கொம்பனி ஒன்று ஐந்து பிள்ளைகளை எடுக்க விரும்பியது. பகலில் கொம்பனியில் வேலை, மாலையில் கொம்பனி அணிக்கு விளையாட்டு. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடம் முடிந்த அன்றே பெண் பிள்ளைகளின் மட்டை வீட்டு மூலைக்குப் போய்விடும். விளையாட்டால் வேலை கிடைப்பது யாரும் கண்டிராத புதுமை. ஐந்து வீட்டிலும் பலகாரம் சுட்டார்கள்.

ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. வந்திருந்த மனேஜர் நன்றாகத் தமிழ் கதைப்பவர். “அது எல்லாருக்கும் குடுக்கிற வழமையான ஃபோர்ம்தான், அம்மா. பிள்ளையள் கையெழுத்தைப் போடட்டும். படத்தை எடுத்துப்போட்டு நாங்கள் வெளிக்கிட வேணும்” என்றார்.

“வாசிக்காமல் கையெழுத்து வாங்கினால் எங்கடை நொத்தாரிசு ஐயா என்னைக் கந்தோருக்குள்ளை விட்டிருக்க மாட்டார். தமிழிலை சொல்லிப்போட்டுத் தாறன்” என்றேன்.

பிள்ளைகளையும் பெற்றோரையும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். ஐந்து வருடத்துக்கு விலக முடியாது. கொம்பனியின் அனுமதி இல்லாமல் வெளியே எதுவும் படிக்க முடியாது. பதினோராவது சரத்து: காயத்தால் மூன்று மாதம் விளையாட முடியாமற்போனால், அன்றோடு வேலையும் முடியும்.

கோல் காக்கும் நிலானி தன் முழங்காலைக் குனிந்து பார்த்தாள். அணித்தலைவி தர்சிகாவுக்கு அப்போது இருபது வயது. வெளிவாரிப் பட்டப்படிப்பில் முதல் வருடம் முடித்திருந்தாள். அவள்தான் கேட்டாள்: “அப்ப நாங்கள் விலக ஏலாது. நீங்கள் எங்களை விலத்தலாம். அப்பிடியோ, சேர்?”

மனேஜரின் முகம் மாறியது. “இஞ்சை ஏலாதெண்டால் வேறை மாவட்டத்திலை பிள்ளையள் நிக்கினம்” என்று என் கையில் இருந்த பிரதியை விட்டுவிட்டு மற்றப் பத்திரங்களை அள்ளிப் பையில் வைத்தார். வாகனம் போன பிறகு பிள்ளைகள் மட்டைகளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

2. மூன்று கிழமை

அடுத்த நாளே நிலானியின் தகப்பன் சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் வந்தார். புகையிலைத் தோட்டக்காரர், அதிர்ந்து பேசாதவர். வாசலில் நின்றபடியே சொன்னார்: “அக்கா, உங்களிலை எனக்குக் கோவமில்லை. ஆனால் பிள்ளைக்கு வந்த வேலையைக் கெடுத்துப்போடாதேங்கோ.”

சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்குக் கையில் சேமிப்பு இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஆனாலும் அந்த ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதி, மூன்று சரத்துகளைத் திருத்தி, கொம்பனிக்கு அனுப்பிவைத்தேன். ஒரு கிழமை, இரண்டு கிழமை போயிற்று. பதிலே இல்லை.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது தர்சிகாவின் போன் அடித்தது. மனேஜர்தான். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். எல்லோரும் ஓடி வந்தோம்.

“தங்கச்சி, உமக்கு மட்டும் நான் தனியச் செய்து தாறன். படிக்கவும் விடுறம். மற்ற ஆக்களுக்குச் சொல்ல வேண்டாம். நாளைக்கே வெளிக்கிட்டு வாரும்.”

தர்சிகா சுற்றி நின்ற எங்களைப் பார்த்தாள். அவள் ஓம் என்றிருந்தால் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

“சேர், நான் தனிய நிக்கேல்லை. அஞ்சு பேரும் கேட்டுக்கொண்டு நிக்கினம். அதையே அஞ்சு பேருக்கும் எழுதித் தாங்கோ, அஞ்சு பேரும் வாறம்.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. நிலானி தர்சிகாவைக் கட்டிப் பிடித்தாள். நான் பக்கத்தில் கிடந்த பந்துப் பெட்டியில் இருந்துவிட்டேன்.

நான்காம் நாள் கடிதம் வந்தது. கொழும்புக்கு வந்து கதைக்கச் சொல்லியிருந்தார்கள்.

3. கொழும்பு அறை

ஐந்து பேரும் நானும் ரயிலில் போனோம். குளிரூட்டிய அறை, நீட்டு மேசை. அந்தப் பக்கம் மனேஜரும் கொம்பனியின் சட்ட அதிகாரியான ஒரு பெண்ணும். சட்ட அதிகாரிக்கும் தமிழ் தெரியும். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன். வாசிக்கத் தொடங்கினேன். உறுதிப் பத்திரத் தமிழில், ‘மேற்படி’, ‘குறித்த தரப்பினர்’ என்று இழுத்துக்கொண்டே போனேன். மனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

தர்சிகா என் கையை மெல்லத் தொட்டாள். “அன்ரி, நான் கதைக்கட்டே?”

தாளை மூடிவிட்டு நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.

அவள் சட்ட அதிகாரியைப் பார்த்துக் கேட்டாள்: “மிஸ், உங்கடை ஸ்டோரிலை சாமான் இறக்கேக்கை ஒராள் விழுந்து கால் முறிஞ்சால், அவரை நிப்பாட்டிப்போடுவியளோ?”

“இல்லை. அது வேலை நேரத்திலை வந்த காயம். கொம்பனி பார்க்கும்.”

“நாங்களும் உங்கடை பேர் போட்ட ஜேர்சியோடைதான் விழப்போறம், மிஸ்.”

சட்ட அதிகாரி பேனையை எடுத்தார். பதினோராவது சரத்தின் மேல் நீளமாக ஒரு கோடு கீறினார். மனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சட்ட அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அடுத்தது என்ன? படிப்போ?” என்று கேட்டார்.

ஒன்றரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்தது. ஐந்து வருடம் மூன்றாகியது. பரீட்சைக்கு லீவு. காயமென்றால் மருத்துவமும் கொம்பனி பார்க்கும், வேலையும் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், தமிழிலும் ஒரு பிரதி. அதை அன்று பின்னேரமே தட்டச்சு செய்து தந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு வரியையும் தாங்களே வாசித்துக் கையெழுத்திட்டார்கள். நிலானி கடைசியாகப் போட்டாள். வெளியே வந்ததும் தகப்பனுக்குப் போன் எடுத்தாள். “அப்பா, போட்டாச்சு. எங்கடை தமிழிலை போட்டனான்!” என்று கத்தினாள். வீதியில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

4. பிறகு

இரண்டாம் வருடம் ஒரு மட்சில் நிலானியின் முழங்கால் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சை நடந்தது. ஏழு மாதம் விளையாடவில்லை. வேலை இருந்தது. எட்டாம் மாதம் திரும்பவும் கோலுக்குள் நின்றாள்; முதல் மட்சிலேயே ஒரு பெனால்டியைத் தடுத்தாள்.

தர்சிகா பட்டம் எடுத்து இப்போது அதே கொம்பனியில் ஆட்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறாள். புதிதாக எடுக்கிற பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தை நீட்டும்போது, “வீட்டை கொண்டுபோய் ஆறுதலா வாசியுங்கோ. கேள்வியளோடை வாங்கோ” என்று சொல்கிறாளாம். போன மாதம் அளவெட்டியிலிருந்து போன ஒரு பிள்ளை பன்னிரண்டு கேள்வியோடு வந்தாளென்று போனில் சொல்லிச் சிரித்தாள். அந்தப் பன்னிரண்டுக்கும் பதில் சொல்லித்தான் எடுத்தார்களாம்.

இளம் ஆட்களுக்காக முன்னுக்கு நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பத்திரத்தை அவர்களுக்கு விளங்குகிற பாஷையில் வாசித்துக் காட்டுங்கள். ஒரு சொல்லையும் விடாதீர்கள். அதற்குப் பிறகு அவர்கள் கதைக்க இடம் விடுங்கள். முப்பத்தொரு வருடம் பிறருக்காக எழுதிய எனக்கு, கதைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான் என்பது அந்தக் கொழும்பு மேசையில்தான் விளங்கியது.