எதிர்வீட்டு ரெக்கார்டில் ஆறு அடி

அந்த ராக் ஆல்பத்தில் மொத்தம் எட்டுப் பாட்டு. முன்பக்கம் ஐந்து, பின்பக்கம் மூன்று. வாசிப்பவர்கள் நான்கு பேர். இரண்டு கிடார், ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ். ஐந்தாவது வாத்தியம் எங்கேயும் நுழையவில்லை. பலமுறை எண்ணிப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடம் கழித்தும் அது ஏன் நிலைத்து நிற்கிறது என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். அந்தக் காலத்து ஆல்பங்களில் பாதி, வயலின் கூட்டத்தையெல்லாம் கொண்டுவந்து கொட்டி, இன்று பழைய கல்யாண வீடியோ மாதிரி ஆகிவிட்டன. இதில் கொட்டியது எதுவும் இல்லை. இரண்டாவது காரணம் டிரம்ஸ்காரர். ஒவ்வொரு நாலாவது அடியையும் மயிரிழை தாமதமாகப் போடுகிறார். அவசரமே இல்லாத மனிதர். அவர்மேல்கூட எனக்குப் பொறாமை உண்டு.

இதை எனக்குத் தந்தவன் எதிர்வீட்டுக்காரன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவன் என்பதால் தெருவில் அவனைச் சொல்தா என்பார்கள். ஒருமுறை பிரான்சிலிருந்து லீவில் வந்தபோது ஒரே ஆல்பத்தை இரண்டாக வாங்கி வந்து, ஒன்றை என் கையில் கொடுத்தான். என் ரெக்கார்டை நான் மட்டும்தான் எடுப்பேன், அதுவும் விளிம்பைப் பிடித்து. மல் துணியால் துடைப்பேன். பிளேயரின் பெல்ட் அறுந்தபோது தட்டாஞ்சாவடியில் ஒரு ரப்பர் பட்டறையில் நின்று, அளவு சொல்லி வெட்டி வாங்கி வந்தேன். பெருக்கும்போதுகூட மனைவி அந்த மூலைக்கு வரக்கூடாது.

அவன் வீட்டில் நடந்தது வேறு. ஊசி தாவுகிறது என்று ஊசிக் கையின் தலையில் ஒரு பழைய பிராங்க் காசை வைத்து ஓட்டினான். ராணுவ முகாமில் கற்ற வைத்தியமாம். காசின் கனத்தில் ஊசி தட்டை உழுதுவிட்டது. மூன்றாவது பாட்டில், பாடுகிறவர் ஒரு வரியைத் தொடங்கி, மூச்சு விடாமல் அடுத்த வரியின் நடுவில் போய் விழுவார். எண்ணினேன். ஆறு அடி காணோம். சொன்னதற்கு அவன், "ஆறு அடி போனா என்ன முசே, பாண்டிச்சேரியா முழுகிடும்?" என்றான். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் பிரெஞ்சு மரியாதையில் எனக்கு அவன் வைத்த பெயர் முசே.

போன மாதம் ஒரு நாள், மனைவி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டே எதையோ முனகினாள். அந்த மூன்றாவது பாட்டு. வார்த்தை ஒன்றும் தெரியாது, மெட்டு மட்டும். எனக்குப் பெருமையாக இருந்தது. என் ரெக்கார்டு சுவரைத் தாண்டி அவளுக்குள்ளும் இறங்கியிருக்கிறதே என்று. அப்போது அவள் தாவினாள். சரியாக ஆறு அடி.

"இத எங்க கேட்ட?"

"எதிர்வூட்லதான். வேற எங்க?"

"நம்ம வூட்லயே இருக்குதே."

"இருக்குது. நீங்க சாயங்காலம் ஸ்கூல் வுட்டு வந்து கதவ சாத்திக்கினு கேப்பீங்க. நான் மூச்சு வுட்டா தூசு விழுதும்பீங்க. அண்ணன் காலைலயே ஜன்னலத் தொறந்து போட்டுடுவாரு. நானும் அண்ணியும் எறா உரிச்சிக்கினே கேப்போம்."

அண்ணி என்றது அவன் மனைவியை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

"அதுல ஒரு எடத்துல தாவும். அது தப்பு."

"என்னா தப்பு? பாட்டே அப்பிடித்தான். அந்த எடம் வந்தா அவருக்கு விக்கல்னு ரெண்டு பேரும் சிரிப்போம்."

நான் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொண்டிருந்த அத்தனை காலையும் இவள் அந்த ஜன்னலடியில் சிரித்திருக்கிறாள். என் கூடத்தில் மூன்றாவது பாட்டுக்கு யாரும் சிரித்ததில்லை. உடனே கையைத் துடைக்கச் சொல்லி அழைத்துவந்து, நாற்காலியில் உட்கார வைத்து, என் ரெக்கார்டைப் போட்டேன். ஒரு சிறு கரகரப்புகூட இல்லை. அந்த இடம் வந்தது. ஆறு அடியும் முழுசாக வந்தது.

"இங்க இழுக்குதே," என்றாள். "அங்க கேட்டாப்ல இல்ல." எழுந்து மீனுக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையே தெருவைக் கடந்து போய் அவனிடம் அவனுடைய ரெக்கார்டைக் கேட்டேன்.

"உன்னுது தங்கத் தட்டாச்சே. இது எதுக்கு?"

"ஒப்பிட்டுப் பாக்கணும்."

"தங்கச்சி கேட்டுச்சா?"

நான் அவன் பிளேயர்மேல் இருந்த தூசியை விரலால் துடைத்தேன். அவனுக்கு அது போதும்.

"தட்டு வெளிய வராது முசே. எம் பொண்டாட்டி போனதுக்கு அப்பறம் நான் அதப் போடவே இல்ல. தனியா கேக்க முடியல. தங்கச்சிய காலைல வரச் சொல்லு. வேணும்னா நீயும் வா."

வேணும்னா. அந்தச் சொல்லை வீடு வரும்வரை மென்றுகொண்டே வந்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பள்ளி இல்லை. காலையில் போனோம். என் மனைவி ஒரு கூடை எறாவோடு வந்தாள். ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டிருந்தாள். அந்த இடத்தில் நான் உட்காரலாமா என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் காசை எடுத்து ஊசிக் கையின் மேல் வைத்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

தட்டு முழுக்கக் கரகரப்பு. ஆனாலும் டிரம்ஸ்காரர் தன் நாலாவது அடியை அதே தாமதத்தோடு போட்டார். இது மூன்றாவது காரணம், விருப்பமில்லாமல்தான் எழுதுகிறேன்: நடுவில் ஒரு துண்டைப் பிடுங்கி எறிந்த பிறகும் அந்தப் பாட்டு கால் இடறாமல் நடந்து போகிறது. உறுதியாகக் கட்டியவர்கள்.

மூன்றாவது பாட்டு வந்தது. பாடுகிறவர் வரியைத் தொடங்கினார், தாவினார். என் மனைவி சிரித்தாள். சொல்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். விடுபட்ட ஆறு அடியையும் நான் மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணி முடித்து நிமிர்ந்தபோது, அவர்கள் சிரித்து முடித்திருந்தார்கள்.