எண்ணெய்ச் சட்டி ஏறாத தீபாவளி

அந்த வருடம் எங்கள் அடுக்களை மேடையில் எங்களுடைய பாத்திரங்களைவிட அடுத்தவர்களுடைய பாத்திரங்கள்தான் அதிகமாக இருந்தன. மூடி விரிசல் விட்ட பிளாஸ்டிக் டப்பா, எவர்சில்வர் தூக்கு, ஐஸ்கிரீம் தின்று முடித்துக் கழுவி வைத்துக்கொண்ட டப்பா, யாருடைய கல்யாணத்திலோ பெயர் வெட்டிக் கொடுத்த சம்புடம். மழை தொடங்கிய வாரத்தில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். காட்கோபரில் வேலை முடிந்து ரயில் பிடிக்க வந்தவர் ஸ்டேஷன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து தாராவியில் எங்கள் மாடியில் இருந்த வீடுகளெல்லாம் முறை வைத்துக்கொண்டு எங்களுக்குச் சோறு போட்டன. வீட்டில் மிஞ்சியது நானும் என் மாமியாரும் மட்டும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.

சோறு போட்டவர்களைக் குறை சொன்னால் என் வாய் அழுகிப்போகும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எப்போதுமே அது மூக்குக்கு மேல்தான் நிற்கும். வாங்கிய பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்து ஆட்களிடம் கிடையாது. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். துக்க வீட்டுக்கு மட்டும் இது பொருந்தாது. துக்க வீடு வாங்கிக்கொள்ளலாம், கொடுக்கக் கூடாது. நான் கழுவித் துடைத்த டப்பாவை நீட்டுவேன். “இதுக்கு என்னம்மா அவசரம்” என்று அவர்கள் மூடியைத் திறந்து பார்க்காமலே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்படித் திறந்து பார்க்காமல் இருந்ததுதான் என்னைச் சுட்டது. உள்ளே ஒன்றும் இருக்காது என்று அவ்வளவு நிச்சயமாக அவர்களுக்குத் தெரிந்துபோயிருந்தது.

அதனால் பிறகு நான் திருப்பிக் கொடுப்பதையே நிறுத்திவிட்டேன். டப்பாக்கள் சேர்ந்துகொண்டே போயின.

அவர் இருந்தவரைக்கும் நாங்கள் கொடுக்கிற வீடு. தீபாவளி விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் பலகாரத் தட்டோடு அவர் வராந்தாவில் இறங்கினால், திரும்பி வர மத்தியானம் ஆகும். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அவர்கள் முறுக்கைத் தின்று, நம் வீட்டு முறுக்குதான் ஒசத்தி என்று அவர்களிடமே சொல்லிவிட்டு வருகிற ஆள். யாரும் அவரைக் கோபித்துக்கொண்டதில்லை. எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. நான் செம்பூரில் பிறந்து வளர்ந்தவள். அங்கே எங்கள் வீட்டில் தட்டைக் கொடுத்தோம், வந்தோம் என்றிருப்போம்.

தீபாவளிக்கு முந்தின வாரம் வராந்தா முழுக்க எண்ணெய் வாசனை. ஒரு வீட்டில் முறுக்கு, ஒரு வீட்டில் முந்திரிக்கொத்து, மூலையில் இருந்த மராட்டிக்காரர்கள் வீட்டில் நம் சோமாசி மாதிரி கரஞ்சி. வாசல்தோறும் கந்தீல் என்கிற காகித விளக்குக் கூடு தொங்கியது. எங்கள் வாசலில் மட்டும் வெறும் ஆணி. இறந்த வீட்டில் வருடம் திரும்பும்வரை பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. அண்டை அயலார் கொண்டுவந்து கொடுப்பார்கள், வாங்கிக்கொள்ள வேண்டும். இன்னும் எத்தனை டப்பாக்கள் வந்து குவியப்போகின்றனவோ என்று மேடையைப் பார்த்தேன். இப்படியே வாங்கி வாங்கி, அவருடைய வீடு இனி வாங்கித் தின்கிற வீடாகவே நின்றுபோய்விடும் என்று பயந்தேன். அது ஒன்றுதான் எனக்கு அப்போது பயமாக இருந்தது. மற்றதெல்லாம் ஏற்கெனவே நடந்துவிட்டிருந்தது.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் டீச்சர். எங்களோடு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் ஒருத்தி மாஹிமில் குடியிருக்கிறாள். மழைக்காலத்தில் ஸ்டாஃப் ரூமுக்கு ஒரு பிஸ்கட் செய்து கொண்டுவருவாள். கருப்பாக, மேடு பள்ளமாக, கையில் எடுத்தால் லேசாகப் பிசுக்கென்று ஒட்டும். அவள் அம்மா காலத்துப் பிஸ்கட். அவர்கள் வீட்டில் அப்போதும் ஓவன் இல்லை, இப்போதும் இல்லை. எல்லாவற்றையும் அடுப்பில் கொதிக்கவைத்து, கரண்டியால் காகிதத்தில் ஊற்றி, ஆறவிட வேண்டியதுதான். சுடுவதும் இல்லை, பொரிப்பதும் இல்லை.

பொரிப்பது இல்லை என்பது நினைவுக்கு வந்ததும் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு போன் போட்டேன். “உபால்னே கா, டால்னே கா, பஸ்” என்றாள். கொதிக்க வை, ஊற்று, அவ்வளவுதான். பிறகுதான் அளவெல்லாம் சொன்னாள். சீனி, வெண்ணெய், பால், கோகோ பவுடர் நான்கையும் சேர்த்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். நன்றாகத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் பொறுத்து இறக்கி, வறுத்து அரைத்த நிலக்கடலையும் ஓட்ஸும் போட்டுக் கிளற வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் அவசரப்படாதே என்று இரண்டு தரம் சொன்னாள். என்னைப் பல வருடமாகப் பார்க்கிறவள் அல்லவா.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் அடுப்பைப் பற்றவைத்தேன். அத்தை சுவரோரம் பாயில் உட்கார்ந்திருந்தாள். மகன் போனதிலிருந்து அவளுக்கு அந்த இடம்தான். வாசற்படியைத் தாண்டியதே இல்லை. வெண்ணெய் உருகும் வாசனைக்குத் தலையைத் திருப்பினாள்.

“ஏட்டி, என்னத்தக் கிண்டுத?”

“பிஸ்கட் அத்தை.”

“பிஸ்கட்ட எவளாவது கிண்டுவாளா?”

“இது கிண்டுற பிஸ்கட்.”

“எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாதுன்னு தெரியும்லா?”

“எண்ணெய் எங்க இருக்கு? வந்து பாருங்க, ஒரு சொட்டு இல்ல. கொதிக்கத்தான் வைக்கிறேன். டீ கொதிக்க வைக்கலையா நாம?”

“சீனி போட்டுருக்க.”

“டீயிலயும்தான் போடுறோம். நீங்க தினம் டீயில பிஸ்கட்ட முக்கிச் சாப்பிடல? அத கடையில செய்றான், இத நான் செய்றேன்.”

“நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்” என்றாள். சிரிப்பாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. “இத யாருக்குக் குடுக்கப் போற?”

மேடையில் இருந்த டப்பாக்களைக் காட்டினேன்.

அத்தை அந்த டப்பாக்களைப் பார்த்தாள். “பண்டியலு அன்னைக்கு இந்த வீட்டுலேருந்து இனிப்பு போனா, அவன் போனது ஒண்ணுமே இல்லன்னு ஆயிராதாட்டி?” என்று கேட்டாள். சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. வக்கீல் வாயெல்லாம் எனக்கு அதோடு அடங்கிவிட்டது. அவர் போனதைச் சின்னதாக்கவா நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்? அடுப்பை அணைக்க முடியவில்லை, கோகோ அடியில் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்டினேன். ஓரத்தில் நாலு குமிழி வந்ததும் பொங்கிவிடுமோ என்று பயந்து இறக்கிவிட்டேன். ஓட்ஸைக் கொட்டிக் கிளறி, பட்டர் பேப்பரில் கரண்டி கரண்டியாக வைத்தேன். வைத்ததெல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்து சேறு மாதிரி பரவி, மேடையின் ஓரத்துக்கு நகர்ந்தது. மின்விசிறியைத் திருப்பி வைத்தேன். மத்தியானம் வரை பார்த்தேன், இறுகவே இல்லை. அடுப்பைத் திட்டினேன், கோகோ டப்பாவைத் திட்டினேன், ஸ்டேஷன் படியில் உட்கார்ந்துவிட்ட அவரையும் சேர்த்துத் திட்டினேன். எல்லாவற்றையும் வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினேன்.

சாயங்காலம் மறுபடியும் சீனி வாங்கி வந்தேன். இந்தத் தடவை கரண்டியை வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காத குறை. முழுவதும் தளதளவென்று பொங்கி, சத்தம் மாறும்வரை பொறுத்தேன். அந்த ஒரு நிமிடம் அடுக்களையில் இவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஊற்றியதும் ஒவ்வொன்றும் அதது வைத்த இடத்தில் நின்றது. விளக்கு வைப்பதற்குள் காகிதத்திலிருந்து தனித்தனியாகப் பெயர்ந்து வந்தது. நான் ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. டப்பா டப்பாவாக நிரப்பி, எந்த மூடி எந்த டப்பாவுக்கு என்று தேடிப் பொருத்தி வைத்தேன். அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் விடிந்ததும் குளித்துவிட்டு வராந்தாவில் இறங்கினேன். கீழே வெடிச்சத்தம் காதைக் கிழித்தது. முதலில் பக்கத்து வீட்டு அக்கா. தூத்துக்குடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவர் இறந்த அன்று ராத்திரி முழுக்க என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். டப்பாவை வாங்கின கையோடு மூடியைத் திறந்தாள். “இது என்ன தங்கச்சி, கருப்பட்டியா?” என்று சிரித்தாள். அவள் திறந்து பார்த்ததே எனக்குப் போதுமாக இருந்தது. மனசு துள்ளியது என்று சொன்னால் அந்த வருடத்துக்கு அது பெரிய வார்த்தை. ஆனால் அதுதான் உண்மை.

அடுத்து எதிர்வீடு. அத்தைக்குத் தூரத்துச் சொந்தம், எனக்குச் சித்தி முறை. பதினாறு நாளும் முறை பார்க்காமல் ஒரு வேளைச் சோறு அவள் வீட்டிலிருந்து வந்தது. அவளுடைய எவர்சில்வர் தூக்கில் நிறையப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். புதுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்து நின்றவள், தூக்கைப் பார்த்தாள், கனத்தைப் பார்த்தாள், இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்விட்டாள்.

“இந்த வருசம் நீங்க குடுக்கக் கூடாதும்மா” என்றாள். குரலில் கடுமை இல்லை, சங்கடம்தான் இருந்தது. “நல்ல நாளும் அதுவுமா... மகளுக்கு வேற பேசிக்கிட்டு இருக்கோம். தப்பா நெனைக்காத. உள்ள வச்சுக்கோ, பெறவு பாப்போம்.”

அவளைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றைக்கும் மனம் வரவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிற எந்தத் தாயும் அப்படித்தான் பயப்படுவாள். ஆனால் அந்த நேரம் நீட்டிய கையை மடக்க எனக்குத் தெரியவில்லை. கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. மராட்டிக்காரர்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். தூக்கைப் பிடித்துக்கொண்டு பிச்சைக்காரி மாதிரி நின்றேன்.

“ஏட்டி, வாங்கு.”

எனக்குப் பின்னாலிருந்து வந்த குரல். திரும்பினேன். அத்தை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை கதவு நிலையில், ஒரு கை முழங்காலில். அத்தனை மாதம் கழித்து வெளியே வந்ததில் வெளிச்சத்துக்குக் கண் கூசி, முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள்.

“மைனி, நான் என்ன சொல்லுதேன்னா...” என்று சித்தி தன் மதினியிடம் ஆரம்பித்தாள்.

“நீ சொன்னது கேட்டுச்சு. எங்க வீட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்கல. கொதிக்க வச்சதுதான். எம் மவன் வீட்டுலேருந்து தீவாளிக்குக் குடுக்கோம். அவன் எந்த வருசம் ஒன் வாசல்ல வந்து நிக்காம இருந்தான்? வாங்கிக்கோ.”

சித்திக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். “மைனி, உள்ள வாங்க, வெயிலு” என்று அத்தையைக் கூப்பிட்டாள். “வருசம் திரும்பட்டும்” என்று சொல்லிவிட்டு அத்தை நிலையைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனாள். நான் மிச்ச வீடுகளுக்கும் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அத்தை வாசலில் நின்றதைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

திரும்பி வந்தபோது அடுக்களை மேடை காலியாக இருந்தது. தட்டில் நாலைந்து பிஸ்கட் மிச்சம். ஒன்றை எடுத்து அத்தை முன்னால் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

“எப்படி இருக்கு?” என்று என்னைக் கேட்டாள்.

“தெரியாது அத்தை. வாயில வைக்கல.”

“அத்தன வீட்டுக்கும் குடுத்துட்டு வந்திருக்க, வாயில வைக்கலையா? ஏன்?”

“நீங்க எந்தப் பலகாரத்தையும் தொடலையே. அவரு போனதுலேருந்து யாரு கொண்டுவந்த இனிப்பையும் நீங்க தொடல. நான் மட்டும் எப்படித் திங்க?”

அத்தை என்னையே பார்த்தாள். மாதக்கணக்கில் ஒரே அறையில் இருந்திருக்கிறோம், இதை அவள் கவனித்திருக்கவில்லை. பாயிலிருந்து கையை ஊன்றி முன்னால் நகர்ந்து வந்தாள். அந்தப் பிஸ்கட்டை எடுத்தாள். தின்னத்தான் போகிறாள் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மூடினாள்.

“நான் பெத்தவ. எனக்கு இனிமே இறங்காது. அத விடு” என்றாள். “அவனுக்குத் துக்கம் காக்க நான் இருக்கேன். நீயும் எதுக்குட்டி? நீ தின்னு.”

கையைத் திறந்தேன், கைச்சூட்டில் இளகியிருந்தது. வாயில் போட்டேன். முதலில் ருசியே தெரியவில்லை. அழுதுகொண்டே மென்றேன். விழுங்கி முடிக்கும் வரைக்கும் அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டை என் பக்கமாக நகர்த்தினாள்.