மோந்துபாத்தானுக்குப் போன அழைப்பு

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, போடியிலுள்ள எங்கள் ஏலக்காய் அலுவலகத்திலிருந்து ஐந்து பேருக்கு ஒரு மின்னஞ்சல் அழைப்பு புறப்பட்டது. அடுத்த இரண்டாவது நிமிடம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அழைப்பில் தேதி சரி, நேரம் சரி, ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. பிழை முழுவதும் பெறுநர் வரிசையில் குடியேறியிருந்தது.

இதே வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கு அது நடந்த விதத்தைச் சொல்லி வைக்க விரும்புகிறேன். அலுவலகக் கணினிப் பொறுப்பு என்னுடையது. கல்லூரிக் காலம் தொட்டு மேடையேறிப் பேசுகிறவள் நான். ஏழு நிமிடம் கொடுத்தால் எந்தத் தலைப்பையும் ஒட்டியும் பேசுவேன், வெட்டியும் பேசுவேன். வீட்டு அலமாரியில் பரிசுக் கோப்பைகளுக்குப் பின்னால்தான் எங்கள் துணிமணிகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட நான் எதிர்த்தரப்பைக் கேட்காமல் ஒரு தீர்ப்பு வழங்கினேன். விளைவு கீழே வருகிறது.

புதிய போன்

எங்கள் முதலாளி ராஜேஸ்வரி அக்கா. மலைத்தோட்டங்களிலிருந்து காய் வாங்கி, கொட்டகையில் பொறுக்கித் தரம் பிரித்து, வெளியூர் வியாபாரிகளுக்கு விற்பவர். அவருடைய பழைய போன் போடிமெட்டுச் சாலையில் ஜீப்பிலிருந்து தவறி விழுந்து, கண்ணாடி சிலந்தி வலையாகிவிட்டது. புதிய போனைப் பெட்டியோடு என் மேசையில் வைத்தார்.

"கயலு, கம்ப்யூட்டர்ல இருக்கற மெயிலு, கான்டாக்ட்டு, காலண்டரு எல்லாம் இதுலயும் வந்துரணும். நான் மலைல நின்னாலும் ஆபீசுல இருக்க மாதிரி இருக்கணும். வெரசா முடி. வெள்ளிக்கிழம விருதுநகர் அண்ணாச்சி வர்றாரு."

அந்த வரவைத்தான் நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்திருந்தோம். விருதுநகர் ஜெயராமன் அண்ணாச்சி பெரிய வியாபாரி. கொட்டகையில் எட்டு எம்எம் பருமனுள்ள காய் மூட்டைகள் ஒரு லாட்டாகத் தயாராக இருந்தன. அவர் அதை எடுத்து, தொடர்ந்தும் எடுக்கச் சம்மதித்தால், காய் பொறுக்கும் பன்னிரண்டு பெண்களுக்கும் ஐப்பசி வரை சோலி உண்டு. எடுக்காவிட்டால் அடுத்த வாரமே கொட்டகையைச் சாத்த வேண்டியதுதான். அண்ணாச்சி அதற்கு முன் மூன்று முறை வந்திருக்கிறார். மூன்று முறையும் காயைக் கையிலெடுத்து, கண்ணை மூடி, நெடுநேரம் மோந்து பார்த்து, சாம்பிள் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றேன் தாயி" என்று கிளம்பிவிட்டவர்.

எதை வைத்துக்கொள்வது?

வேலை எளிதாகத்தான் தொடங்கியது. பழைய போனின் கான்டாக்ட்ஸ் புதிய போனுக்கு வந்துவிட்டன. அலுவலக மெயில் கணக்கைச் சேர்த்தேன், மெயில்கள் இறங்கின. காலண்டர் சிங்க்கைத் தட்டினேன். கணினியில் நான் குறித்திருந்த நாள்களெல்லாம் போனில் புள்ளி புள்ளியாக முளைத்தன. அக்கா அதுவரை நாள் குறித்தது சுவரில் தொங்கும் நாள்காட்டியில், பென்சிலால். போனில் புள்ளிகளைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததை நான் கவனிக்கத் தவறவில்லை.

கான்டாக்ட்ஸ் சிங்க் செய்யும்போது திரை ஒரு கேள்வி கேட்டது. ஒரே நபருக்குப் போனில் ஒரு பதிவும் கணினியில் ஒரு பதிவும் உள்ளன, இரண்டும் ஒன்றாக இல்லை, எதை வைத்துக்கொள்வது? போனில் உள்ளதையா, கணினியில் உள்ளதையா, அல்லது ஒவ்வொன்றாகக் கேட்கட்டுமா?

கணினித் தரப்பை நான் அறிவேன். அது என் படைப்பு. 'திரு. ஜெயராமன், விருதுநகர்' என்று மரியாதைக்குறைவு இல்லாமல், ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் மெயில் முகவரியோடு, நானூறு பேரைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். போன் தரப்பை நான் பார்த்ததே இல்லை.

"அக்கா, போன்ல இருக்கறத வச்சுக்கவா, கம்ப்யூட்டர்ல இருக்கறத வச்சுக்கவா?"

"போன்ல இருக்கறதுதான் புள்ள சரி. பாதிப் பேரு நம்பர மாத்திட்டாங்க. புது நம்பரு பூரா போன்லதான் இருக்கு."

ஒரு தரப்பின் வாதம் முடிந்தது. வாதத்தில் பிழையும் இல்லை. எண்கள் உண்மையிலேயே போனில்தான் சரியாக இருந்தன. ஆனால் திரை கேட்டது எண்ணை மட்டுமன்று, முழுப் பதிவையும். 'ஒவ்வொன்றாகக் கேள்' என்ற பொத்தானை அழுத்தியிருந்தால் முதல் பெயரிலேயே உண்மை வெளிப்பட்டிருக்கும். நானூறு முறை கேள்வி கேட்க நான் என்ன தொடக்கப்பள்ளி ஆசிரியையா என்று எண்ணி, 'போனில் உள்ளது' என்று தீர்ப்பளித்தேன். எண்கள் திருந்தின, மெயில் முகவரிகள் ஒட்டிக்கொண்டன. பெயர்கள் மாறியதை நான் பார்க்கவில்லை.

"போன்லருந்தே ஒண்ணு அனுப்பிப் பாக்கட்டா?"

"தாராளமா அனுப்புங்கக்கா," என்றேன் பெருமிதத்தோடு.

வெள்ளிக்கிழமை பத்து மணி, காய் பார்வை. அந்த நிகழ்ச்சிக்கு நான் ஏற்கெனவே ஐந்து பேரைச் சேர்த்து வைத்திருந்தேன். அக்கா 'அனுப்பு' என்பதைத் தட்டினார்.

பெறுநர் வரிசை

ஐவரில் நானும் ஒருத்தி. எனக்கு வந்த பிரதியைத் திறந்தேன். பெறுநர் வரிசை இப்படி இருந்தது:

மோந்துபாத்தான் விருதுநகர், வெடிச்ச காய் குரங்கணி, வளைவுல இருக்கேன் ஜீப்பு, ஷெரியாக்காம் மெட்டு, மணியடிச்சும் நிக்காது ஆபீசு.

அக்காவின் மீதும் குற்றமில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். இந்த வட்டாரத்தில் பெயரைச் சொல்லி ஆளைத் தேட முடியாது. முருகன் என்று தட்டினால் பதினொரு முருகன்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால் அக்கா ஒவ்வொருவரையும் அவரவர் வழக்கத்தை வைத்தே போனில் பதிந்திருந்தார். எங்கே வருகிறாய் என்று எப்போது கேட்டாலும் "வளைவுல இருக்கேன்க்கா" என்பவர் ஜீப் ஓட்டுநர் சின்னமுருகன். எதைச் சொன்னாலும் மலையாளத்தில் "ஷெரியாக்காம்" என்று சொல்லி எதையும் சரியாக்காதவர் போடிமெட்டுத் தோட்டத்து மேற்பார்வையாளர் ஜோஸ். அதிக வெயில் பட்ட காயைப் போல் வெடிப்பவர் குரங்கணித் தோட்டக்காரர் பாண்டி; அந்த எட்டு எம்எம் லாட் அவர் தோட்டத்துக் காய்தான்.

ஐந்தாவது பெயர் யாருடையது என்று யோசித்தேன். பக்கத்திலிருந்த முகவரி என்னுடையது.

அக்காவின் மேசையில் ஒரு பித்தளை மணி உண்டு. நான் பேசிக்கொண்டே போகும்போது அவர் அதைத் தட்டுவார். அது தேநீர் வாங்கிவர ஆள் கூப்பிடும் மணி என்றே இரண்டு ஆண்டுகளாக நான் நம்பி வந்தேன்.

"அக்கா, இதப் பாருங்க."

அவர் வாசித்தார். முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏ புள்ள, இந்தப் பேரு அவுகளுக்கும் தெரியுமா?"

"நாம எந்தப் பேருல போட்டு வச்சிருக்கோமோ அந்தப் பேருலதான்க்கா அவங்களுக்குப் போவும்."

"அவுகவுக பேரு மட்டுமா?"

"மத்த நாலு பேரு பேரும்."

அக்கா மணியின் மேல் கையை வைத்தார், தட்டவில்லை.

ரீகால்

கணினியின் மெயில் மென்பொருளில் ரீகால் என்றொரு வசதி உண்டு. அனுப்பியதைத் திரும்பப் பெறலாம் என்று அது சொல்லும். நான் அவசரமாக அதை அழுத்தினேன். அது என்ன செய்கிறது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒரே நிறுவனத்தைச் சேராத முகவரிகளிலிருந்து அது எதையும் திரும்பப் பெறாது. 'இவர் தம் முந்தைய மெயிலைத் திரும்பப் பெற விரும்புகிறார்' என்று ஐவருக்கும் இன்னொரு மெயிலை அனுப்பும், அதே பெயர்களோடு. முதல் மெயிலைத் திறக்காதவர்களும் இப்போது தேடித் திறந்தார்கள்.

முதல் அழைப்பு சின்னமுருகனிடமிருந்து.

"என்னக்கா, என் பேர இப்படிப் போட்டு வச்சிருக்கீங்க? நான் எப்ப வளைவுல இருக்கேன்னு சொன்னேன்?"

"சரி விடு. இப்ப எங்கருக்க?"

ஜீப் ஹாரன் ஒருமுறை அடித்தது. "வளைவுலதான்க்கா."

அடுத்துக் குரங்கணி பாண்டி. அவர் பேசத் தொடங்கியதும் அக்கா போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "வெடிச்ச காயா? நானா? என் தோட்டத்துக் காயில ஒண்ணாச்சும் வெடிச்சிருக்கா? எவன் சொன்னது?" அவர் வெடித்து முடிக்கச் சரியாக நான்கு நிமிடம். பிறகு குரல் தணிந்து, "அது சரி, மோந்துபாத்தான்னா யாரு, அந்த விருதுநகர்க்காரரா?" என்று கேட்டு, அடக்கமாட்டாமல் சிரித்தார். ஜோஸ் அழைக்கவில்லை. மெயிலில் ஒற்றை வரிப் பதில் அனுப்பியிருந்தார்: "ஷெரியாக்காம்."

விருதுநகரிலிருந்து மட்டும் எதுவும் வரவில்லை. நானே மன்னிப்புக் கடிதம் ஒன்றை மூன்று பத்திகளில், தக்க மேற்கோள்களோடு எழுதி அக்காவிடம் நீட்டினேன். அவர் முதல் பத்தியைத் தாண்டவில்லை.

"இத அனுப்புனா, மூணாவதா ஒருக்கா ஞாபகப்படுத்துன மாதிரி ஆகும். பேசாம இரு."

கொட்டகையில் செய்தி பரவிவிட்டது. நான் அந்தப் பக்கம் போனபோது பெண்கள் பொறுக்கும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. ஒருத்தி மட்டும், "பேச்சாளரம்மா, அடுத்த வாரத்துக்கு எங்களுக்கும் ஒரு மெயிலு போடு. வேலைக்கு வரணுமா வேணாமான்னு," என்றாள். ஏழு நிமிடம் பேசுகிறவள் ஏழே அடியில் அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

வியாழக்கிழமை பிற்பகல் விருதுநகரிலிருந்து மெயில் வந்தது. அது எங்கள் அழைப்பின் கீழேயே எழுதிய பதில் அல்ல. தனியாக, புதிதாக எழுதப்பட்ட மெயில். உள்ளே ஒரே வரி: 'வெள்ளி பத்து மணிக்கு வருகிறேன்.' பெறுநர் என்ற இடத்தில் எங்கள் முகவரிக்கு முன்னால், அவர் போனில் அக்காவைப் பதிந்து வைத்திருந்த பெயர் இருந்தது:

மொதல்ல டீ குடிங்க போடி.

அக்கா அதை இரண்டு முறை வாசித்தார். "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார். யாராவது விலையைப் பற்றியோ காயின் குறையைப் பற்றியோ வாயெடுத்தால் அக்கா உடனே சொல்வது அந்த மூன்று சொற்களைத்தான். அலுவலகத்தில் அது எல்லோருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பத்து மணி

அண்ணாச்சி பத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். மேசையில் மூன்று மூட்டைகளிலிருந்து எடுத்த காய் மூன்று தட்டுகளில் இருந்தது. கொட்டகைக் கதவோரம் பொறுக்கும் சத்தம் அடியோடு நின்றுபோயிருந்தது.

"வாங்கண்ணாச்சி. மொத..." என்று தொடங்கிய அக்கா வாயை மூடிக்கொண்டார்.

"சொல்லுங்க தாயி. டீ எங்க? அதுக்குத்தான பேரே வச்சிருக்கேன்."

அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா இல்லையா என்று மீசை மறைத்தது. அவர் முதல் தட்டிலிருந்து ஒரு பிடி காயை எடுத்தார். மூக்குவரை கொண்டுபோனார். நாங்கள் எல்லோரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை பாதியில் நின்றது. அவர் அந்தக் காயை அப்படியே அக்காவின் பக்கம் நீட்டினார்.

"நான் மோந்தா பேரு வச்சிருவீக. இன்னைக்கு நீங்க மோந்து சொல்லுங்க. டீ பெறகு."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு காயை வாங்கி மோந்தார். இரண்டாவது தட்டையும் மோந்தார். மூன்றாவது தட்டில் சற்று அதிக நேரம் நின்றார். நான் இடையில் புகுந்து அந்தக் காயின் பச்சை நிறத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லத் தயாரானேன். மணி ஒருமுறை அடித்தது.

"மொத ரெண்டும் சுத்தம். மூணாவதுல புகை வாடை இருக்கு. காய வைக்கையில புகைக்குழாய் கசிஞ்சிருக்கு. அத நான் ஒங்களுக்குக் குடுக்க மாட்டேன்," என்றார் அக்கா.

"போன தடவ வந்தப்பவும் அதே வாடை இருந்துச்சு தாயி. நான் கேட்டேன். நீங்க டீ குடிங்கன்னீக. எனக்கு எப்படி மனசு வரும்?" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி எழுந்து கொட்டகைக் கதவைப் பார்த்தார். "அந்த மூட்டையத் தள்ளுங்க. மிச்சத்த ஏத்துங்க. அடுத்த லாட்டுக்கு நான் வரல, நீங்களே மோந்து பாத்து அனுப்பிருங்க."

கதவோரம் பொறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது. அதன் பிறகு டீ வந்தது. அண்ணாச்சி இரண்டு டம்ளர் குடித்தார்.

இந்த நாற்காலிக்கு வரப்போகிறவர்களுக்கு

சிங்க் செய்யும் முன் இரு தரப்புப் பட்டியலையும் தனித்தனியே பேக்கப் எடுங்கள். ஒரே ஒரு கான்டாக்ட்டை வைத்து முதலில் சோதியுங்கள். 'எதை வைத்துக்கொள்வது?' என்று திரை கேட்டால், இரு பக்கத்தையும் கண்ணால் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். நடுவர் நாற்காலியில் உட்காரும் எவருக்கும் இது அடிப்படை, நான் அதை மேடையில் நூறு முறை பேசியிருக்கிறேன். ரீகாலை நம்பாதீர்கள். பட்டப்பெயர்களுக்கென்று கான்டாக்ட்டில் நிக்நேம் என்றொரு தனிக் கட்டம் உண்டு. அதில் எழுதினால் உங்கள் போனில் தேடும்போது கிடைக்கும், மெயிலில் வெளியே போகாது. இரண்டு வாரம் உட்கார்ந்து நானூறு பேருக்கும் அப்படி மாற்றினேன். பேக்கப் எடுக்காததற்கு நான் அனுபவித்த தண்டனை அது.

கடைசியாக என் பதிவு வந்தது. அதையும் திருத்தப் போனேன். அக்கா எட்டிப் பார்த்து, "அத மட்டும் மாத்தாத. அப்பறம் ஒன்ன எந்தப் பேரச் சொல்லித் தேடுவேன்?" என்றார். விட்டுவிட்டேன், அது உண்மைக்குப் புறம்பானது என்பது மட்டும் என் நிலைப்பாடு.

இதை எழுதும்போதே உள்ளேயிருந்து ஒரு மணி கேட்டது. ஆகவே ஒன்றே ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். 'அனுப்பு' என்பதைத் தட்டும் முன் பெறுநர் வரிசையை வாய்விட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும்படி வாசியுங்கள். நேரில் சொல்லக் கூசும் பெயர் அதில் இருந்தால் விரலை எடுத்துவிடுங்கள். இதற்கு வலுச்சேர்க்க இன்னும் இரண்டு சான்றுகள் என்னிடம் உண்டு. முதலாவது

இரண்டாவது மணியும் அடித்துவிட்டது.